ராகி பீரில் வந்த வாசம்

ஐந்து கண்ணாடித் தம்ளர்களை என் முன்னால் வரிசையாக வைத்துவிட்டு மஞ்சுநாத் எதிரில் உட்கார்ந்தார். ஐந்திலும் பீர். ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று கலங்கல், ஒன்று மாம்பழ நிறம், ஒன்று செம்மண் தண்ணீர் நிறம். கடைசியில் இருந்தது கடுங்காப்பி மாதிரி கறுப்பாக இருந்தது.

"ஸ்வல்ப, கொஞ்சமா குடிங்க அக்கா. முழுங்கப் பிடிக்கலன்னா துப்பிடுங்க, பக்கெட் இருக்குது," என்றார்.

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. அதுவரை பீரை வாயில் வைத்ததில்லை. எங்கள் வரப்பில் யாராவது குடித்துவிட்டு வீசிய பாட்டிலைப் பொறுக்கித் திட்டிக்கொண்டே குழிக்குள் போட்டதுதான் எனக்கும் பீருக்கும் இருந்த உறவு. அப்படிப்பட்டவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பட்டுப்புழு வளர்த்ததைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "அந்தப் புழு மனையை இப்போது என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். மாட்டுக் கொட்டகையாக்கிவிட்டோம் என்று சொல்லியிருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும். உண்மையான பதிலைச் சொல்ல இந்த வாரப் பகுதி முழுக்க வேண்டும்.

புழு போன பிறகு

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மேட்டு நிலம். கிணற்றுத் தண்ணீர் எட்டும் வரை மல்பெரி வைத்திருந்தோம். வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். அதைத்தான் மனை என்போம். உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள், ஜன்னலுக்கு ஜன்னல் ஈரச் சாக்கு. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே புழுவுக்குக் குளுமை வேண்டும்.

என் வீட்டுக்காரர் பெயர் மாதையன். பேச்சு குறைவு, வேலை அதிகம். பட்டுப்புழு வளர்ப்பவன் பாதி நேரம் கழுவுகிறவனாக இருக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை அவர் வேதமாக எடுத்துக்கொண்டார். ஒரு பருவம் முடிந்து கூடு சந்தைக்குப் போனதும் மனையைக் காலி செய்து, தட்டுகளைப் ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்து, சாக்குகளை அதிலேயே அலசி, தரையெல்லாம் சுண்ணாம்பும் பவுடரும் கலந்து தூவுவார். வாசற்படியிலும் தூவிவைத்திருப்பார். அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நானே செருப்போடு போனால் முறைப்பார்.

அவ்வளவு பார்த்தும் ஒரு கோடையில் புழு முழுக்கப் போய்விட்டது. தோலுரிக்கும் நாலாவது தூக்கம் முடிந்து எழுந்து கொழுகொழுவென்று தழை தின்றுகொண்டிருந்த புழு. காலையில் பார்த்தால் தலையைத் தூக்கித் தூக்கி ஆட்டுகிறது, பச்சையாய்க் கக்குகிறது. சாயங்காலத்துக்குள் தட்டுத் தட்டாகச் செத்துக் கிடந்தது. கூடைகளில் அள்ளிக் குழியில் கொட்டினோம்.

பட்டு வளர்ச்சித் துறை ஆள் வந்து பார்த்தார். பக்கத்துக் காட்டில் சாமந்திக்கு மருந்து அடித்தது காற்றில் வந்து தழைமேல் படிந்திருக்கும் என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முந்தின நாள் காற்றும் அந்தப் பக்கமிருந்துதான் அடித்தது.

மாதையன் அதைக் கேட்கவில்லை. "நான்தான் சரியா கழுவல. மூலையில எங்கியோ வுட்டுட்டேன்," என்றார். எத்தனை பேர் எடுத்துச் சொன்னாலும் அதையே திருப்பிச் சொன்னார். அதற்கப்புறம் மல்பெரியைப் பிடுங்கிவிட்டோம், மனையைப் பூட்டிவிட்டோம். அவர் காட்டுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். மனை இருக்கும் பக்கம் மட்டும் போக மாட்டார். ஆடு மேய்ந்துகொண்டே அந்தப் பக்கம் போய்விட்டால் என்னைக் கூப்பிட்டு ஓட்டச் சொல்வார். தன்னைத் தானே குற்றவாளியாக்கிக்கொண்ட மனிதனோடு ஒரு வீட்டில் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வரும், கோபமும் வரும். பல நாள் கோபம்தான் வந்தது.

பூட்டைத் திறந்த ஆள்

மஞ்சுநாத்தின் அப்பா தருமபுரியில் எங்களிடம் பட்டுக்கூடு வாங்கியவர். கன்னடக்காரர்கள். ஓசூர் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் தென்னந்தோப்பும் நிலமும் இருக்கிறது. மகன் வெளியூரில் பீர் காய்ச்சும் வேலை கற்றுக்கொண்டு வந்து, அந்தத் தோப்புக்குள்ளேயே சின்னதாக ஒரு பீர்ச்சாலை போட்டார். அந்த மாநிலத்தில் அதற்கு உரிமம் வாங்கி முறைப்படி நடத்துகிறார்.

அவர் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். நல்ல ராகி எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத்தான் வந்தார். மோர் குடித்துக்கொண்டே பின்பக்கம் பார்த்தவர், மனையைத் திறந்து காட்டச் சொன்னார். மாதையன் நகரவில்லை. நான்தான் சாவி எடுத்துக்கொண்டு போனேன்.

உள்ளே நின்று சுற்றிலும் பார்த்தவர், "அக்கா, இது மால்ட் வூடு," என்றார். எனக்குப் புரியவில்லை. தானியத்தை ஊறவைத்து, முளைவிட வைத்து, சரியான நேரத்தில் காயவைத்தால் அதற்கு மால்ட் என்று பெயராம். பீருக்கு அதுதான் அடிப்படை. அதற்குக் குளுமை வேண்டும், ஈரம் வேண்டும், காற்று வேண்டும், பரப்பிவைக்கத் தட்டு வேண்டும். புழுவுக்கு வேண்டியதெல்லாம்தான்.

ராகியை முளைகட்டுவது எங்களுக்கு என்ன புதிதா? பச்சைக் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுகிறவளுக்கெல்லாம் தெரிந்ததுதான். அளவுதான் பெரியது.

பீருக்கா என்று முதலில் யோசித்தேன். குடியால் கெட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத எனக்கு இன்றைக்கும் ஆசையில்லை. ஆனால் மஞ்சுநாத் அடுத்த வாரம் மறுபடி வந்து, மாதையனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மனைக்குள் கூட்டிக்கொண்டு போனார். "அண்ணா, ஈரம் எவ்ளோ வெக்கணும், சாக்கு எப்போ நனைக்கணும், இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்," என்றார்.

மாதையன் ஜன்னல் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "இது மக்கிப்போச்சு. புதுசு வாங்கணும்," என்றார். அவர் அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசி வெகுகாலமாகியிருந்தது. பீரோ மோரோ எதுவாகவும் இருக்கட்டும் என்று நான் அப்போதே ஒத்துக்கொண்டேன்.

முளை

ராகியைக் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, வடித்து, தட்டில் விரலளவு உயரத்துக்குப் பரப்பி, மேலே ஈரச் சாக்கு போர்த்துவோம். மறுநாள் சாக்கைத் தூக்கினால் ஒவ்வொரு மணியின் முனையிலும் வெள்ளையாக ஒரு புள்ளி. அதற்கடுத்து அது நூலாக நீளும். அடியில் சூடு ஏறும், கிளறிவிட வேண்டும். கொஞ்சம் விட்டால் முளை பின்னிக்கொண்டு பாய் மாதிரி வந்துவிடும். வெயிலில் காயவைத்து, கையால் தேய்த்து முளையை உதிர்த்து, புடைத்து மூட்டை கட்ட வேண்டும். சாமையும் கொஞ்சம் போகும், ஆனால் அது மனைக்குள் வராமல், முளைகட்டாமல் அப்படியே போகும்.

மாதையன் மறுபடி மனையில் நடமாடினார். தட்டைத் தூக்கி மூக்கருகில் வைத்துப் பார்ப்பார், காதருகில் கூட வைப்பார். புழு தழை தின்னும்போது மழை பெய்கிற சத்தம் கேட்கும். ராகிக்கு ஏது சத்தம்? பழக்கதோஷம். நான் பார்த்துச் சிரித்தால் அவரும் சிரிப்பார்.

"என்னா பீர் கம்பெனிக்காரி, எங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லியா?" என்று பஸ் நிறுத்தத்தில் பச்சையம்மா கேலி செய்வாள். பக்கத்து வீட்டுக்காரி. "இருக்குது. முளை வுட்ட ராகி ஒரு படி தரன், கூழு காச்சிக் குடி," என்பேன்.

முதலில் போன மூட்டைகள் எல்லாம் பிரமாதம் என்றார் மஞ்சுநாத். அப்புறம் மழைக்காலம் வந்தது. ஒரு தட்டு ராகியில் பூஞ்சை பூத்துவிட்டது. ஒரே ஒரு தட்டு. கொட்டிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் மாதையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புழுத் தட்டைப் பிடித்துக்கொண்டு அன்றைக்கு நின்ற அதே முகம்.

மறுநாள் காரிமங்கலம் போய்ப் ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வாங்கி வந்தார். பழையபடி தட்டு ஊறியது, சாக்கு அலசப்பட்டது, தரையில் வெள்ளையாகத் தூவியாயிற்று. எனக்கு அது வித்தியாசமாகவே தெரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிற காட்சிதானே. தூவுவதற்கு நானும் முறம் பிடித்தேன்.

ஆஸ்பத்திரி மாதிரி

அதற்கப்புறம்தான் மஞ்சுநாத்திடமிருந்து போன் வந்தது. ராகி பீரில் மட்டும் ஒரு வாசம் வருகிறதாம். "ஆஸ்பத்திரி மாதிரி வருது அக்கா. புண்ணுக்கு ஒட்டுவாங்களே பிளாஸ்திரி, அந்த மாதிரி."

அவர் முதலில் தன் பக்கம்தான் சந்தேகப்பட்டார். தன் தண்ணீரை மாற்றிப் பார்த்தார், குழாய்களைக் கழற்றிக் கழுவிப் பார்த்தார். எங்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்டார். கிணற்றுத் தண்ணீர்தான், பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றோம். அது உண்மைதான். அப்படியானால் தானியத்தில் ஏதாவது கண்ணுக்குத் தெரியாத கிருமி சேர்ந்திருக்கும், அதுகூட இப்படி வாசம் கொடுக்கும் என்று அவர் முடிவுக்கு வந்தார்.

"கொஞ்சம் சுத்தம் மட்டும் பாத்துக்குங்க அண்ணா," என்றார் போனில்.

மாதையனிடம் சொல்லக் கூடாத வார்த்தை உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது அதுதான். அன்றிலிருந்து பவுடர் இரண்டு பங்கானது. போர்த்தும் சாக்கைத் தினமும் அதில் அலசினார். அவர் கைத் தோல் வெளுத்து, விரல் இடுக்கில் வெடித்தது. தேங்காயெண்ணெய் தடவிவிட்டால், "கையில எண்ணெய் இருந்தா ராகியில படும்," என்று துடைத்துக்கொள்வார்.

அடுத்த பீரில் வாசம் இன்னும் கூடியது. அதற்கடுத்ததை மஞ்சுநாத் அப்படியே சாக்கடையில் விட்டார். இனிமேலும் இப்படி வந்தால் எங்கள் ராகியை வாங்க முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். "அக்கா, நீங்க ஒரு தடவை நேர்ல வந்து குடிச்சுப் பாருங்க. நீங்க கூடவே இருக்கறவங்க. உங்களுக்கு ஏதாச்சும் பிடிபடும்."

ராகி நின்றால் நின்றுவிட்டுப் போகிறது. எங்களுக்கு வேறு வெள்ளாமை இருக்கிறது. ஆனால் மனைக்கு மறுபடி பூட்டுப் போட்டால், அது தன்னால்தான் என்று இந்த மனிதன் இரண்டாவது முறையும் சொல்லிக்கொள்வார். இந்தத் தடவை அதிலிருந்து எழுந்து வர மாட்டார். எனக்கு அந்தப் பயம்தான். அதனால்தான் பீர் குடிக்கக் கிளம்பினேன்.

ஐந்து தம்ளர்

மாதையன் என்னைக் கொண்டுபோய் விட்டார். பீர்ச்சாலைக்குள் மட்டும் வரவில்லை. தோப்பில் மஞ்சுநாத்தின் மாடுகள் நிற்கும் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

முதல் தம்ளர் சாமை பீர். மூக்கருகே வைத்ததும் சாராய நெடி வரும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் வரவில்லை. சோற்றில் முதல் நாள் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலை அதைக் குடித்தால் ஒரு சின்னப் புளிப்பு இருக்குமே, அது இருந்தது. நாக்கில் நுரை பொரிந்தது. கடைசியில் மட்டும் கொஞ்சம் கசப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

கலங்கலாக இருந்தது கோதுமை. அதில் வாழைப்பழ வாசம் வந்தது. "பழம் போட்டீங்களா?" என்றேன். இல்லையாம். பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டே அந்த வாசத்தைக் கொடுக்குமாம். நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும், மஞ்சுநாத் சிரித்தார்.

மாம்பழ நிறத்தில் இருந்ததை இனிக்கும் என்று நம்பி ஒரு வாய் நிறைய எடுத்தேன். இனிப்பே இல்லை. மாம்பழத்தின் இனிப்பையெல்லாம் புளிக்கும்போதே ஈஸ்ட் தின்றுவிடுகிறது. மிச்சமிருப்பது தோலும் காம்பும் சேர்ந்த வாசம், பால் வடியும் இடத்தில் கடித்த மாதிரி. எனக்குப் பிடித்தது. செம்மண் நிறத்தில் இருந்தது புளி போட்டது. அது பல்லைக் கூசவைத்தது. எங்கள் பக்கத்துப் புளியை இதற்கு வீணாக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கடைசியில் ராகி.

முதலில் வந்தது நல்ல வாசம். களி கிண்டிய சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்போமே, அந்தக் கருகலும் இனிப்பும். எங்கள் ராகி அது, எனக்குச் சந்தேகமில்லை. வாயில் வைத்ததும் தடிமனாக, இதமாக இறங்கியது. பெருமையாகக் கூட இருந்தது. அப்புறம் தொண்டைப் பக்கமிருந்து அது எழும்பி வந்தது.

மஞ்சுநாத் சொன்ன மாதிரி எனக்கு அது ஆஸ்பத்திரி வாசமாகப் படவில்லை. எங்கேயோ தினம் தினம் முகர்ந்த வாசம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்தேன். மறுபடி ஒரு வாய் எடுத்தேன். கண்ணை மூடினால் மாதையனின் சட்டை. துவைக்கப் போடும்போது அவர் சட்டையில் வருமே, அது. அவர் வீட்டுக்குள் நுழையும் முன்னாலேயே நுழையுமே, அது. வெறும் பவுடர் வாசம்கூட இல்லை. கழுவி ஒரு நாள் மூடி வைத்த மனையைத் திறந்தால், பவுடரும் ஈரச் சாக்கும் பழைய தழையும் சேர்ந்து ஒரு மூச்சு வரும். அதுதான் அந்தத் தம்ளரில் இருந்தது.

வீட்டில் இருக்கும்வரை எனக்கு அது வாசமாகவே தெரிந்ததில்லை. அதற்குள்ளேயே இருந்து மூக்கு மரத்துப்போயிருந்தது.

"இது எங்க மனை வாசம்," என்றேன். "புழுவுக்குக் கழுவுவோமே, ப்ளீச்சிங் பவுடர் போட்டு. அதேதான்."

மஞ்சுநாத் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ராகிக்கும் ப்ளீச்சிங் போட்டா கழுவறீங்க?"

"பின்னே? சாக்கு, தட்டு, தரை, எல்லாம். நீங்க சுத்தம் பாக்கச் சொன்னதும் ரெண்டு பங்கு."

அவர் விளக்கினார். பவுடரில் இருக்கும் குளோரினும் தானியத் தோலில் இருக்கும் ஏதோ ஒன்றும் சேர்ந்தால் இந்த வாசம் பிறக்குமாம். ஒரு டேங்குக்கு ஒரு சிட்டிகை இருந்தாலே போதுமாம். "தண்ணியைக் கேட்டேன், கழுவறத கேக்கல பாருங்க அக்கா. கெடுத்தது நான்தான்," என்றார். என் மனசு கொட்டகைப் பக்கம் இருந்தது.

கொட்டகையில்

பீர் காய்ச்சி வடித்த தானியச் சக்கையை மாடுகளுக்குப் போடுவார்கள். மாதையன் ஒரு மாட்டின் கழுத்தைச் சொறிந்துகொண்டு, அது தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சுற்றி வளைத்தால் அவருக்குப் பிடிக்காது. நேராகவே சொன்னேன்.

"நாம கழுவற பவுடருதாங்க பீருல வருது."

சொறிந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் கழுவுனதாலயா?"

"நாமன்னுதான் சொன்னேன். முறம் புடிச்சது நான்."

"நான் கழுவுனதால," என்றார். இந்தத் தடவை அது கேள்வியாக இல்லை.

வீட்டுக்குக் கிளம்பினோம். கிருஷ்ணகிரி தாண்டி டீ குடிக்க நிறுத்தலாமா என்றேன். தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாமென்று.

வெந்நீர்

மஞ்சுநாத் இன்னும் ஒரு முறை ராகி அனுப்பச் சொன்னார். பவுடர் இல்லாமல். அந்த ஒரு முறையில் வாசம் போகாவிட்டால் அதோடு முடிந்தது. அவரும் எத்தனை டேங்கைச் சாக்கடையில் விடுவார்.

சொல்வது சுலபம். "கழுவாம எப்பிடி புள்ள வுடறது? மறுபடியும் பூஞ்சை வந்தா?" என்று மாதையன் கேட்டார். அவர் கேட்டது ராகியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"கழுவ வேணாம்னு யாருங்க சொன்னது? சுடுதண்ணியில கழுவுங்க. வெயிலு சும்மாதானே அடிக்குது, அதுல காய வெய்யுங்க."

முழு நாள் யோசித்தார். அப்புறம் கிணற்றடியில் அடுப்பு மூட்டி, கல்யாண வீட்டு அண்டா ஒன்றை இரவல் வாங்கி வந்து தண்ணீர் கொதிக்கவைத்தார். கொதிக்கிற தண்ணீரை மனை முழுக்க ஊற்றினார், ஒரு தடவை இல்லை, தட்டு அடுக்கும், பவுடர் ஊறிய மரச்சட்டங்களிலிருந்து நெடி அடங்கும்வரை. அதற்கும் அடங்காத சட்டங்களைக் கழற்றி எறிந்தார். பழைய சாக்குகளை எரித்தார். முளைக்குப் போர்த்த என்ன செய்வதென்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பெட்டியைத் திறந்து தன் வேட்டிகளை எடுத்து வந்தார். கரை வைத்த நல்ல வேட்டியும் அதில் இருந்தது.

"இது கல்யாண வேட்டி," என்றேன்.

"இருக்கட்டும். மெத்துனு இருக்குது," என்றார்.

பவுடர் மூட்டையில் மிச்சமிருந்ததை ஊர்த் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டார். அது போன பிறகு அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேட்டியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பூஞ்சையைத் தேடி ஒவ்வொரு தட்டிலும் மூக்கை நுழைத்தார். ஒரு தட்டில் பூத்திருந்தால்கூட மனிதன் மறுபடி பவுடருக்கு ஓடியிருப்பார். பூக்கவில்லை. முளை வெள்ளை வெளேரென்று வந்தது.

மூட்டைகளை ஏற்றி அனுப்பினோம். பீர் தயாராக நாளாகும்.

ஒரு வாய்

மஞ்சுநாத் போனில் எதுவும் சொல்லவில்லை. "நேர்ல வாங்க," என்றார். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று வழியெல்லாம் மண்டையைக் குடைந்தது.

இந்தத் தடவை ஒரே தம்ளர். கறுப்பாக, மேலே பழுப்பு நுரையோடு. குடித்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த வாசத்தைத் தேடித் தேடிக் குடித்ததில், இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. என் மூக்கை நானே நம்ப முடியாமல் விழித்தேன். மஞ்சுநாத் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் நின்றிருந்த மாதையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "இங்க குடு," என்றார்.

அவர் குடித்து நான் பார்த்ததில்லை. குடிக்காதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர். தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி குனிந்து ஒரு வாய் எடுத்தார். முகம் சுருங்கியது. வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். விழுங்கினார்.

"கசக்குது," என்றார். அப்புறம், "களி வாசம் வருது."

"அந்த வாசம்?" என்றேன்.

"இல்ல."

"எனக்கும் இல்ல அண்ணா. அதான் கூப்பிட்டேன்," என்றார் மஞ்சுநாத். நான் அவரைத் திட்டியிருப்பேன். போனிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். திட்ட இடம் கொடுக்காமல், அடுத்த மழைக்குள் எவ்வளவு ராகி வேண்டும் என்று அவர் பேச ஆரம்பித்தார். மாதையன் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பேசி முடித்துவிட்டு நான் அவரைத் தேடிப் போனேன். கொட்டகையில், அதே மாட்டின் பக்கத்தில் நின்றிருந்தார். இந்தத் தடவை தொட்டியில் கிடந்த சக்கை எங்கள் ராகியினுடையது. மாடு தலை தூக்காமல் தின்றுகொண்டிருந்தது.

"ஏ புள்ள," என்றார். "நான் கழுவுன பவுடரு ராகியில ஏறி, பீருல ஏறி, குடிச்சா தொண்டையில தெரியற அளவுக்கு இருந்துச்சு இல்ல?"

"ஆமாங்க."

"புழு இருந்தப்பவும் அதே கைதான். அதே மாதிரிதான் கழுவுனேன். அப்பவும் எந்த மூலையிலயும் வுட்டிருக்க மாட்டேன்."

அவரே சொல்லட்டும் என்று நின்றேன்.

மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "புழு செத்தது என்னால இல்ல," என்றார்.

இத்தனை வருஷமாக அதையே நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதிகாரி சொன்னார், ஊரே சொன்னது. அவர் நம்புவதற்கு ஒரு வாய் பீர் வேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். திரும்பும் வழியில் கிருஷ்ணகிரி தாண்டியதும் அவரே வண்டியை ஓரம் கட்டி, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.